நாற்பத்தொன்று நடந்த வருஷம்

இதைப் பொய் என்று நினைக்கிறவர்கள் வண்டல்சேரிக்கு வந்து எங்கள் ஊர் வரப்பை நக்கிப் பார்க்கலாம், நான் தடுக்க மாட்டேன். கடல் ஊருக்குள் வந்துபோன ஒன்பதாம் வருஷம், ஐப்பசி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டே முக்கால் பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கோயில் நிலத்தில் நட்டிருந்த நெல் எழுந்து நடந்தது. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் வாய்க்காலைக் கடப்பார்களே, அப்படி வேரைச் சேற்றிலிருந்து உருவி, ஒரு உதறு உதறி, வரிசை கலையாமல் வரப்பில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பக்கத்து வயலில் மறுபடி நின்றுகொண்டது. நான் பார்த்தேன். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருந்த ஆரோக்கியதாஸ் சாரும் பார்த்தார். சாப்பிட உட்கார்ந்திருந்தவர் டிபன் பாக்ஸை மூடி வைத்தார்.

"செங்கொடி, இதுக்கு வேலி போட்டமா, இல்லையாம்மா?"

"ஆடு உள்ள வராம இருக்கப் போட்டோம் சார். நெல்லு வெளிய போவும்னு நீங்க சொல்லல."

அவர் தலையை ஆட்டிவிட்டு நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

நான் அந்த வயலுக்குக் காவல். பதினொன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை, வீட்டுக் கஷ்டம் என்று கதை சொல்லவும் மாட்டேன். பெஞ்சில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். குருவி விரட்டுவதும், டம்ளரில் சேற்றைக் கரைத்து சாருடைய உப்பு மீட்டரை அதில் முக்கி, வருகிற நம்பரை நோட்டில் எழுதுவதும் என் வேலை. நம்பர் நாலுக்குள் இருந்தால் அந்த மண்ணில் நெல் விளையும். கோயில் நிலம் ஏழு. கிழக்கே கடைசியில், இறால் பண்ணையை ஒட்டினாற்போல் இருக்கிற எங்கள் மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், பதினாறு. அதில் அப்பா மூன்று தடவை நட்டார்.

"மூணு தடவயும் கருகிப்போச்சு ஆயி" என்பார் அப்பா; என்னை ஆயி என்றுதான் கூப்பிடுவார். அவர் பெயர் வைரக்கண்ணு. "புடுங்கி மாட்டுக்குப் போட்டேன். மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு."

ஆரோக்கியதாஸ் சார் கொண்டுவந்த நெல்லுக்குப் பெயர் இல்லை. கடற்கழியில் தானாக முளைக்கிற ஒரு புல்லையும் நம் ஊர் நெல்லையும் சேர்த்து வைத்துப் பார்த்தாராம். நாற்பது முறை செத்ததாம், நாற்பத்தொன்றாவது பிழைத்ததாம். எங்கள் பக்கம் நெல்லை நம்பர் சொல்லிக் கூப்பிட்டே பழகிவிட்டதால் அது நாற்பத்தொன்று ஆகிவிட்டது. மண்ணிலிருக்கிற உப்பை வேரால் உறிஞ்சி இலை ஓரத்தில் வெள்ளையாகக் கக்கிவிடும், அதனால்தான் பிழைக்கிறது என்று சார் சொல்லியிருந்தார். நடக்கும் என்பது அவருக்கும் செய்திதான்.

அது நின்றுவிட்டுப் போன இடத்தில் அன்றைக்கே சேற்றை எடுத்துக் கரைத்துப் பார்த்தோம். இரண்டரை. அது உதறிவிட்டு ஏறிப்போன வரப்பில் கோலமாவு சிந்தினதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. சார் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். நானும் வைத்துப் பார்த்தேன். உப்பு.

ஊர் என்ன செய்தது என்று கேட்பீர்கள். முதல் நாள் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள், இரண்டாம் நாள் பாதிப் பேர் வந்தார்கள், மூன்றாம் நாள் அது மறுபடி எழுந்து அடுத்த வயலுக்குப் போனபோது, கேணியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு "கௌம்பிருச்சா?" என்று கேட்டு அடுத்த துணியை எடுத்தார்கள். புது வயலில் இறங்கியதும் அது பந்தியில் இடம் விட்டு உட்காருவதுபோல் தள்ளித் தள்ளிப் பரவி நின்றுகொள்ளும், மூன்று நாளில் அந்த வயல் முழுக்கத் தித்திப்பாகிவிடும், பிறகு கிளம்பும், எப்போதும் அந்தப் பன்னிரண்டே முக்காலுக்குத்தான். பஸ் டிரைவர் மதகடியில் இன்ஜினை அணைத்துவிட்டு அது ரோட்டைக் கடக்கும் வரை காத்திருப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகத் திரும்புகிற பையன்கள் "நெல்லு கடந்துச்சு டீச்சர்" என்றார்கள், டீச்சரும் உட்காரச் சொன்னார். கிராம நிர்வாக அலுவலர் பயிரை எந்த சர்வே நம்பரில் எழுதுவது என்று தெரியாமல் பென்சிலால் எழுதி மூன்று நாளுக்கொரு முறை அழித்தார். வழியில் நின்ற இரண்டு கொடிக்கம்பங்களை அது சுற்றிக்கொண்டு போனதால் இரண்டு கட்சிக்காரர்களும் தங்களைத்தான் மதித்தது என்றார்கள். வரப்பு உப்பைப் பெண்கள் வழித்தெடுத்து ஊறுகாய் போட்டார்கள்; கொஞ்சம் கசந்தது, ஆனாலும் போட்டார்கள்.

சண்டை வராமல் இருக்குமா? அது யார் நெல், எந்த வழியாகப் போக வேண்டும், எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று கூட்டுறவு சங்கத்து வாசலில் கூட்டம் போட்டார்கள். தலைவர் பூங்கோதை அத்தை ஒரே பேச்சில் முடித்தார்.

"தண்ணிக்கு முறை வச்சித்தானே குடிக்கிறோம்? நெல்லுக்கும் வைப்போம். மேமடையில ஆரம்பிச்சிக் கடமடை வரைக்கும். ஒரு வயலுக்கு மூணு நாளு. எவனும் மறிக்கக் கூடாது, எவளும் இழுக்கக் கூடாது."

பத்தொன்பது வயல்களுக்குப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். தண்ணீர் முறையில் எப்போதும் நடப்பதுபோல எங்களுடையது கடைசி. தண்ணீருக்கு வெட்டுவதுபோலவே முறை வருகிற வயலுக்காரர் முதல் நாளே வந்து வரப்பை ஒரு முழம் வெட்டி வாய்மடை விட்டுவைப்பார். நெல்லும் கிழக்கே போயிற்று. எங்கள் ஊரில் தண்ணீரும் கிழக்கேதான் போகும். ஆகவே நாம் போட்ட பட்டியலை நெல் மதிக்கிறது என்று ஊருக்கு ஒரே பெருமை. ஆறாம் வயலிலிருந்து மட்டும் அது பட்டியலில் இருந்த வயலை விட்டுவிட்டுத் தெற்கே இறங்கிவிட்டது. பட்டியலில்தான் தப்பு என்று சொல்லி அதை அடித்துத் திருத்தி எழுதினார்கள். அப்போது எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நோட்டில் நம்பரை மட்டும் எழுதிவைத்தேன்.

எனக்கு வேறு அவசரம் இருந்தது. இறால் பண்ணைக்காரர் எங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். குட்டை வெட்டிவிட்டால் அப்புறம் அது நிலமில்லை, அடுத்த வயலும் நாலு வருஷத்தில் நிலமாக இருக்காது. அது அப்பாவுக்கும் தெரியும். ஆனால் ஒன்பது வருஷமாக வெள்ளைத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன்.

"எங்க முறை கார்த்திகை இருவத்தேழுப்பா" என்றேன்.

அவர் நகத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "கார்த்திகை கடைசி வெள்ளி காயிதத்தோட வாரேன்னாங்க. அதுக்குள்ள வந்துச்சுன்னா பாப்போம். வரலன்னா என்னய ஒண்ணும் கேக்கக் கூடாது ஆயி."

பட்டியல்படி ஒரு நாள் முன்னால் வந்துவிடும். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டேயிருந்தேன்.

கார்த்திகை மூன்றாம் தேதி அது பதினோராம் வயலுக்குப் போயிற்று. நாடிமுத்துப் பெரியப்பா வயல், ஊரிலேயே போர்த்தண்ணீர் உள்ள ஒரே வயல். அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள் நெல் பொதி கட்டிவிட்டது, அதாவது கதிர் வயிற்றுக்குள் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பொதி கட்டின பயிரைச் சூலி என்பார்கள். வயலோரம் செருப்போடு நடக்க மாட்டார்கள், சத்தமாகப் பேச மாட்டார்கள். நாடிமுத்துப் பெரியப்பா வரப்பில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, ஊரையே கேட்டார்.

"சூலியப் போயி வயலு வயலா நடக்க விடுவீங்களா? ஒங்க வூட்டுப் புள்ளத்தாச்சிய விடுவீங்களா? பெத்துப் பொழைக்கட்டும், அப்புறம் போவட்டும்."

யார் மறுத்துப் பேசுவது? பூங்கோதை அத்தையே சரி என்றுவிட்டார். பெரியப்பா சுற்றிலும் மீன்வலையைக் கட்டினார். பெண்கள் கண்ணாடி வளையல் வாங்கிவந்து பயிரின் தண்டுகளுக்குப் பூட்டினார்கள், ஐந்து வகைச் சோறு கிளறிவந்து வரப்பில் வைத்தார்கள். பெரியப்பா தினமும் போர்த்தண்ணீர் விட்டார், இளநீர் ஊற்றினார், வெல்லம் கரைத்து ஊற்றினார். அவருக்கு உள்ளுக்குள் வேறு எண்ணம் இருந்தது, அங்கேயே விளைந்தால் அறுப்பும் தன்னுடையது என்று. ஆனால் பயபக்தியும் பொய்யில்லை, இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கக் கூடாதா என்ன.

பத்தாம் நாள் நுனி மஞ்சளாயிற்று. பதினைந்தாம் நாள் பாதி இலை மஞ்சள். பொதி வெடிக்கவேயில்லை, கதிர் உள்ளேயே கிடந்தது. இருபத்துநாலாம் நாள் சார் வந்தார், சேற்றைக் கரைத்தார், மீட்டரை முக்கினார்.

"ரெண்டுக்கும் கீழ இருக்கு. இதவிட நல்ல மண்ணு கெடையாது. ஏன் வாடுதுன்னு தெரியலம்மா" என்றார். தெரியவில்லை என்று சொல்கிற படித்தவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதனால் அவரைப் பிடிக்கும்.

அன்றைக்கு மத்தியானம் வரப்பிலேயே உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஏழு, ஏழரை, எட்டு, எட்டரை. ஒவ்வொரு தடவையும் அது போன வயலில் நம்பர் கூடுதல். ஆறாம் வயலிலிருந்து தெற்கே போனதே, பட்டியலில் இருந்த வயல் எட்டு, தெற்கு வயல் ஒன்பதரை. அது கிழக்கே போகவேயில்லை. உப்பைத் தேடிப் போயிருக்கிறது. கடல் கிழக்கே இருப்பதால் உப்பும் கிழக்கே கூடிக்கொண்டு போகிறது, நாம்தான் அதைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டோம்.

"அதுக்குப் பசி சார்" என்றேன்.

"இருக்கலாம். ஆதாரம் வேணுமேம்மா."

"கூடை இருக்கு. சேறு இருக்கு. நாளைக்கு நீங்க மீட்டரோட வாங்க."

மறுநாள் வியாழக்கிழமை. விடிந்தால் வெள்ளி, காகிதம் வருகிற வெள்ளி. காலை ஏழு மணிக்கு எங்கள் நிலத்தில் இறங்கி, ஊரிலேயே உப்புக் கூடின அந்த வெள்ளைச் சேற்றை அன்னக்கூடையில் வெட்டி அள்ளி, தலையில் தூக்கிக்கொண்டுபோய், எங்கள் வரப்பிலிருந்து நாடிமுத்துப் பெரியப்பா வயல் வரைக்கும் நடுவிலிருந்த ஏழு வயல்களின் வரப்போரமாகவே ஒரு சாண் அகலத்துக்குக் கொட்டிக்கொண்டே போனேன். போகிறவர்கள் கேட்டார்கள்.

"என்னா புள்ள, ரோடு போடுறியா?"

"ஆமா."

"காண்ட்ராக்ட்டு யாரு?"

"நெல்லு."

சிரித்துக்கொண்டு போனார்கள். கழுத்து இறங்கிவிட்டது, உச்சந்தலை எரிந்தது, எத்தனை கூடை என்று அறுபதுக்கு மேல் எண்ணவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கடைசிக் கூடையோடு வலைக்குப் பக்கத்தில் போனேன். பெரியப்பா எழுந்து வந்தார்.

"ஏ வைரக்கண்ணு மவளே, என்னா பண்ற?"

"சூலிக்கு உப்பு கொண்டாந்தேன் பெரியப்பா."

"எளநி ஊத்திக்கிட்டிருக்கேன்டி. உப்பக் கொட்டிச் சாவடிக்கப் பாக்குறியா?"

"எளநிய நீங்கதான் ஊத்துறீங்க. அது கேட்டுச்சா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற பெரியம்மா பேசினார். அவர் பெயர் சின்னப்பொண்ணு. "மூத்தவன் வயித்துல இருந்தப்ப நாலு மாசம் கருவாடு இல்லாம எனக்குச் சோறு எறங்கல. ஒங்க பெரியப்பா லட்டு வாங்கியாந்து வாங்கியாந்து வச்சாரு. எனக்கு இனிப்புப் புடிக்காதுன்னு இன்னிக்கி வரைக்கும் அவருக்குத் தெரியாது."

"இப்ப அதா முக்கியம்?" என்றார் பெரியப்பா.

"இப்பதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா குனிந்து வலையின் முடிச்சை அவிழ்த்தார்.

சேற்றைக் கொட்டினேன். மீட்டரோடு வந்திருந்த சார் வரப்பில் ஒதுங்கி நின்றார். முதல் வரிசை நெல் அதன் பக்கம் சாய்ந்தது. காற்று இல்லை. பிறகு பின் வரிசை, அதற்குப் பின் வரிசை. மதகடியில் பஸ் ஹாரன் கேட்டது. நாற்பத்தொன்று வேரை உருவி எழுந்தது. இரண்டு வாரமாக வாடிக் கிடந்த பயிர், முதலில் தள்ளாடி, பிறகு நேராகி, வளையல்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கலகலக்க, நான் போட்ட சேற்றுத் தடத்தில் வேரை வைத்து வைத்து, பன்னிரண்டாம் வயலில் நிற்காமல், பதின்மூன்றில் நிற்காமல், ஏழு வயலையும் தாண்டி, ஏழு வயல்காரர்களும் வாய்மடையில் மண்வெட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருக்க, நேராக எங்கள் நிலத்துக்குப் போயிற்று. அந்த வளையல் சத்தம் கூட்டுறவு சங்கம் வரை கேட்டதாகச் சொன்னார்கள். அப்பா எங்கள் வரப்பில் குந்தியிருந்தார். தன் நிலத்தில் அது இறங்கிப் பரவுவதைப் பார்த்தார், பிறகு அது தாண்டிவந்த வயல்களைப் பார்த்தார்.

"எம்மாம் பேரு வயலத் தாண்டி வந்துருக்கு ஆயி" என்றார். அதில் சந்தோஷம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கூட்டம். பண்ணைக்காரரின் ஆளும் பைக்கில் சாய்ந்துகொண்டு, உறையில் போட்ட காகிதத்தோடு காத்திருந்தான். பூங்கோதை அத்தை என்னை முன்னால் கூப்பிட்டார்.

"முறையத் தாண்டுனியா?"

"தாண்டுனேன்."

"சூலிக்கு உப்பு வேணும்னா பன்னண்டாவது வயல்லயும் உப்பு இருக்கு. ஒங்க வயலு வரைக்கும் எதுக்குப் போட்ட?"

பயிரைக் காப்பாற்றத்தான் என்று சொல்லியிருக்கலாம். சார்கூட அப்படிச் சொல்லட்டும் என்றுதான் என்னைப் பார்த்தார். "எங்க நெலத்துக்கு வரணும்னுதான் போட்டேன்" என்றேன். "இன்னிக்கிக் கையெழுத்துப் போட்டா நெலம் போயிரும். வேற நாளு இல்ல."

பன்னிரண்டாம் வயல் ராஜாமணி அக்காவுடையது. வீட்டுக்காரர் சிங்கப்பூர் போய்த் திரும்பாதவர். அக்கா சத்தம் போடவில்லை. "வாய்மடை வெட்டுன மறுநாளு எனக்கு வந்துருக்கணும் செங்கொடி. வெட்டி மூணு வாரமாவுது" என்றது.

பூங்கோதை அத்தை சுவரிலிருந்த பட்டியலை ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னதுனால பயிர் பொழைச்சிது. நீ செஞ்சதுனால ஏழு வயலு போச்சு. அதனால வெளையிறது முழுக்க வெதை நெல்லு. ஒங்க வூட்டு ஒலைக்கு ஒரு மணி கெடையாது. நீ தாண்டுன ஏழு பேருக்கு மொதல்ல, அப்புறம் மத்தவங்க, மிச்சமிருந்தா கடைசியா ஒங்களுக்கு. வைரக்கண்ணு, நெலம் ஒன்னோடது, நீ சொல்லு."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா சாரைப் பார்த்தார். "வெதை நெல்லுன்னா எத்தன வருசத்துக்கு?"

"ஒரு வருஷந்தாங்க. அடுத்த போகத்துல எல்லார்ட்டயும் இருக்கும்" என்றார் சார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பைக் பக்கம் திரும்பினார். "பயிரு நிக்கிற நெலத்துல கையெழுத்துப் போடக் கூடாது தம்பி. அறுப்பு முடியட்டும்."

"அறுப்பு முடிஞ்சதும் வரவாண்ணே?"

"அறுப்பு முடிஞ்சா வெதைப்பு வரும்ல?" என்றார் அப்பா.

மூன்றாம் நாள் பொதி வெடித்தது. அதன்பிறகு அது நடக்கவில்லை. ஊர் இரண்டு வாரம் மத்தியானம் மத்தியானம் வந்து பார்த்தது, பஸ்ஸும் பழக்கத்தில் நின்று பார்த்தது. மார்கழிக் கடைசியில் அறுத்தோம், மரக்காலால் அளந்து கொடுத்தோம். ராஜாமணி அக்கா முதல் ஆள், முந்தானையில் வாங்கிக்கொண்டு என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போயிற்று. நாடிமுத்துப் பெரியப்பா வரிசையில் நின்று வாங்கினார். கடைசியில் எங்களுக்கு அரை மரக்கால் மிஞ்சியது. அந்தப் பொங்கலுக்கு ரேஷன் அரிசிதான் வைத்தோம். எனக்குக் கோபம் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆரோக்கியதாஸ் சார் அறிக்கையில் "பயிர் இடம் பெயர்ந்தது" என்று எழுதி அனுப்பினார். மேலிடத்திலிருந்து, எலியா, வெள்ளமா என்று கேட்டு வந்தது. சார் மறுபடி அதையே எழுதி அனுப்பினார்.

கோடையில் உப்பு மறுபடி ஏறியிருந்த பத்தொன்பது வயலிலும் இந்த வருஷம் நாற்பத்தொன்று நிற்கிறது. எங்கள் நிலத்தில் அந்த அரை மரக்கால் கிழக்கு மூலையில் மட்டும் முளைத்து நிற்கிறது, ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்கு. எதுவும் நடக்கவில்லை. நின்ற இடத்தில் நின்று இலை ஓரத்தில் வெள்ளையாகக் கக்குகிறது, காற்று வந்து வரப்பில் உதிர்க்கிறது, பெண்கள் வழிக்கிறார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றந்தான், ஆனால் ஒருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

கிழக்கே இறால் பண்ணையை ஆடியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், இறாலுக்கு நோய். குட்டை காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. போன வாரம் சும்மா அந்த மண்ணைக் கரைத்து மீட்டரை முக்கினேன். முப்பத்தொன்று.

இன்றைக்கு மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் சாப்பிடாமல் குட்டையோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். நெல்லின் முதல் வரிசை மட்டும், ஒரு வேரைச் சேற்றிலிருந்து உருவி வரப்பின்மேல் வைத்திருந்தது.

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் வரப்பை ஒரு முழம் வெட்டிவிட்டு, ஒதுங்கி நின்றார். மதகடியில் பன்னிரண்டே முக்கால் பஸ் இன்ஜினை அணைத்தது.